நாக்கில் ஒட்டிய பிஸ்கெட்

நேற்று மாலை மகளின் கல்லூரி புராஜெக்டை பைண்டிங் போடுவதற்காக ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். இயந்திரத்திலிருந்து வந்து விழுந்த தாள்களைக் கடைக்காரர் தட்டி அடுக்கி என் கையில் வைத்தார். நல்ல சூடு. என்னை அறியாமல் மூக்குக்கு அருகே கொண்டுபோனேன். மையும் சூடும் கலந்த அதே வாசனை.

"என்னாம்மா, என் புராஜெக்ட்ட மோந்து பாக்கற?" என்று மகள் சிரித்தாள்.

அவளுக்கு என்ன சொல்ல? பி.எட். படித்தபோது நம்முடைய புராஜெக்ட் தாள்கள் கைக்கு வந்த அன்று, தோழி, நீ செய்ததும் இதுதான். மோந்து பார்த்துவிட்டு, "இட்லி மாதிரி இருக்குதுடி, சூடா" என்றாய். கடை என்றுகூடப் பார்க்காமல் நாம் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் ஒரு பக்கத்தைத் தலைகீழாக வைத்து பைண்டிங் போட்டுவிட்டார். அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் புத்தகத்தைத் திருப்பித்தான் பிடிக்க வேண்டும்.

நீ இருந்தவரை உனக்குக் கடிதம் எழுத வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. நேற்று வீட்டுக்கு வந்த பிறகு எழுதத் தோன்றியது.

நாம் சேர்ந்தபோது பி.எட். ஒரே வருடப் படிப்பு. முதல் வருடமும் அதுதான், கடைசி வருடமும் அதுதான். அறிமுக வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து பெயர், ஊர், எதற்காக ஆசிரியராக விரும்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு வந்தோம். உன் முறை வந்தது. பெயர் வந்தது. ஊர் வந்தது. "கற்பிக்க" என்று சொல்லப் போய் "க" என்ற எழுத்திலேயே நின்றுபோனாய். கழுத்து நரம்பு புடைத்தது. சொல் வரவில்லை. வகுப்பு முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். நீ மட்டும் குனியவில்லை. கொஞ்ச நேரம் முட்டிப் பார்த்துவிட்டு, "பாடம் நடத்த" என்று மாற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாய்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"உம் பேரு என்னான்னு சொன்ன?"

"கலைச்செல்வி. எல்லாரும் கலைன்னு கூப்புடுவாங்க."

"ஐயோ, எனக்கு வராத பாதியத்தான் எல்லாரும் சொல்றாங்களா? நான் மீதிய வெச்சிக்கறேன். செல்வி."

அம்மாவுக்கும் கணவருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நான் கலை. செல்வி என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான்.

உனக்கு எல்லா எழுத்தும் திக்காது. "க" வரிசைதான் எதிரி. அந்த வரிசையில் ஒரு சொல் எதிரே வருவது தெரிந்தால் போதும், வேறு சந்தில் திரும்பிவிடுவாய். கணக்கு என்று சொல்ல மாட்டாய், மேத்ஸ். கல்யாணம் கிடையாது, மேரேஜ். காப்பி பிடித்தாலும் கடையில் டீதான் சொல்வாய். கத்திரிக்காய்க்கு நீ வைத்த பெயர் ஊதாக்காய். உங்கள் வீட்டிலும் அதுவே பழகிவிட்டது. உன் அம்மா எனக்குப் பரிமாறும்போது, "இன்னுங் கொஞ்சம் ஊதாக்கா கொழம்பு ஊத்திக்கம்மா" என்பார்.

படிப்பின் பின்பாதியில் புராஜெக்ட் வந்தது. பயிற்சிக்குப் போகும் பள்ளியில் ஏதாவது ஒரு சிக்கலைக் கண்டுபிடித்து, அதைச் சரிசெய்யும் வழி ஒன்றைச் செய்து பார்த்து, என்ன நடந்தது என்று எழுதித் தர வேண்டும். இருவர் சேர்ந்தும் செய்யலாம். வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்து நாம் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். மற்றவர்கள் எழுத்துப்பிழை, வாய்ப்பாடு, தாமதமாக வருதல் என்று எடுத்துக்கொண்டார்கள். அறிவியல் வகுப்பில் பிள்ளைகள் ஏன் கேள்வியே கேட்பதில்லை, அவர்களை எப்படிக் கேட்க வைப்பது என்பது நீ எடுத்தது.

"ஏண்டி, தலைப்புலயே கேள்வின்னு வருதே. உனக்கு வாயில வர்ற மாதிரி ஒண்ணு எடுக்கக் கூடாதா?" என்றேன்.

"வராதத எடுத்தாத்தான்டி அது புராஜெக்ட்டு. அப்பறம், வினான்னு ஒரு சொல்லு எதுக்கு இருக்குது?"

நம்முடைய கைடு மேடம் கெட்டவர் இல்லை. கண்டிப்பானவர், ஆனால் மாணவிகள் யாரும் பரீட்சையில் தவறிவிடக் கூடாது என்ற கவலை உள்ளவர். அந்தக் கவலையில்தான் நம் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"கலை பாடம் எடுக்கட்டும். நீ ரிப்போர்ட் எழுதும்மா. உன் கையெழுத்து நல்லா இருக்குது. ஒனக்கும் செரமம் இல்ல, பிள்ளைங்களுக்கும் செரமம் இல்ல."

நீ பதில் சொல்ல நேரமெடுத்தாய். மேடம் அதற்குள் பேனாவை மூடிவிட்டார்.

"இல்லைங்க மேடம். பாடம் நான்தான் எடுப்பேன்."

"கொஞ்ச நாளு பாக்கறேன். சரியா வரலன்னா மாத்திடுவேன். எக்ஸாமினர் முன்னாடி நின்னு போயிட்டின்னா அப்பறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது, தெரிஞ்சிக்க."

வெளியே வந்ததும், "பயமா இருக்குதா?" என்று கேட்டேன். "இருக்குது. ஆனா இப்ப எழுதற வேலைக்குப் போயிட்டா, நாளைக்கி வேலை வாங்குனாலும் என்னை ஆபீஸ் ரூமுல ஒக்கார வெச்சிடுவாங்க செல்வி" என்றாய். 

நமக்குக் கிடைத்த பள்ளி கருவேப்பிலங்குறிச்சியில். ஊர்ப் பெயரைக் கேட்டதும் நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இந்த ஜில்லாவுல வேற ஊரே இல்லையாடி?" என்றாய். பஸ்ஸில் உனக்கும் சேர்த்து டிக்கெட் வாங்குகிறேன் என்றால் விடமாட்டாய். நான் வராத நாளில் யார் வாங்குவார்கள் என்று கேட்பாய். அதனால் தினமும் கண்டக்டரிடம் தெளிவாக, கம்பீரமாக, "பெண்ணாடம் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்குவாய். பாதி வழியில் கருவேப்பிலங்குறிச்சியில் இறங்கிவிடுவாய்.

கண்டக்டருக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏம்மா, பெண்ணாடத்துக்கு வாங்கிட்டு தெனமும் இங்கியே எறங்கறியே, என்னா சமாச்சாரம்?"

"எறங்க மறந்துட்டா ஒதவும்ல, அதுக்குத்தாங்க" என்றாய் நீ, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு.

எப்போது புரிந்துகொண்டாரோ தெரியாது. கொஞ்ச நாள் கழித்து நீ வாயைத் திறக்குமுன்னே, "பெண்ணாடம் டீச்சர், இந்தாங்க, கருவேப்பிலங்குறிச்சி" என்று கிழித்துக் கொடுத்தார். உனக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வந்தது. "அந்த மொத எழுத்த நான் தாண்டியிருப்பேன்டி, இன்னிக்கி சொல்லிப் பாக்கலாம்னு வந்தேன்!" என்று பள்ளி வாசல்வரை புலம்பிக்கொண்டே வந்தாய்.

ஏழாம் வகுப்பு. நீ மேசைக்கு முன்னால், நான் கடைசி பெஞ்சில் குறிப்பெடுக்கும் தாளோடு. கேட்கப்படும் ஒவ்வொரு கேள்வியையும் எழுத வேண்டியது என் வேலை. முதல் நாள் நீ பிள்ளைகளிடம் நேராகவே சொன்னாய்: "எனக்கு சில வார்த்த லேட்டாதான் வரும். ஆனா வந்துடும்." பிறகு ஒரு பொருளை மேசைமேல் வைத்துவிட்டு, இது என்ன, ஏன், எப்படி என்று எதை வேண்டுமானாலும் கேட்கச் சொன்னாய். காந்தம் வைத்தாய், எரிந்துபோன பல்பு வைத்தாய், ஊறவைத்த கொண்டைக்கடலை வைத்தாய். பிள்ளைகள் பொருளைப் பார்த்தார்கள், உன்னைப் பார்த்தார்கள், ஜன்னலைப் பார்த்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பையன் எழுந்து, "டீச்சர், தண்ணி குடிக்க போவட்டா?" என்றான்.

"எழுதிக்க செல்வி, அதுவும் வினாதான்" என்றாய்.

இடைவேளையில் தண்ணீர்க் குழாயடியில் சில பையன்கள் உன்னைப் போலப் பேசிக் காட்டி விளையாடினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. நீ நிதானமாக அவர்களிடம் போனாய். அவர்கள் ஓடக்கூட மறந்து நின்றார்கள். "அப்பிடி இல்லடா. நீ மூச்ச விட்டுட்டு திக்கற. மூச்ச உள்ள இழுத்து நெஞ்சுல நிறுத்தணும். எங்க, இப்ப செய்யி" என்று சொல்லிக்கொடுத்தாய். பையன்கள் முழித்தார்கள். செய்தும் பார்த்தார்கள். அவர்களுக்கு மூச்சு முட்டியது. அன்றோடு அந்த விளையாட்டு சலித்துப்போயிற்று.

ஆனால் தண்ணீர் குடிக்கக் கேட்டதைத் தவிர என் தாள் காலியாகவே இருந்தது. மேடம் வந்து பார்ப்பதாகச் சொல்லிய நாளும் நெருங்கியது. 

அந்த வாரத்தில்தான் நீ உன் அம்மா வேலை பார்த்த இடத்திலிருந்து உடைந்த கோப்பைத் துண்டுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்தாய். நம் ஊரில் பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் செராமிக் வேலைக்குப் போவார்கள். உன் அம்மாவுக்குக் கோப்பைகளுக்குக் காது, அதாவது கைப்பிடி, ஒட்டும் வேலை. பளபளப்பு பூசாமல் ஒருமுறை மட்டும் சுட்டெடுத்த கோப்பைக்கு அங்கே பிஸ்கெட் என்று பெயர். அதில் தண்ணீர் ஊற்றினால் உறிஞ்சிக்கொள்ளும், பளபளப்பு பூசியது உறிஞ்சாது. இதைக் காட்டத் துண்டுகளை நன்றாகக் கழுவி, ஆளுக்கொன்று கொடுத்தாய். கொடுக்கும்போது, "இதுக்குப் பேரு பிஸ்கெட்டு" என்றாய்.

இரண்டாவது பெஞ்சில் சத்யா இருந்தாள். பலப்பம், பென்சில், பாவாடை நாடா என்று கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பெண். பிஸ்கெட் என்று சொன்ன பிறகு அவள் சும்மா இருப்பாளா? நக்கிப் பார்த்தாள். அடுத்த நொடி அலறினாள்.

"டீச்சர்! இது நாக்க புடிச்சிக்கிச்சு!"

உண்மைதான், துண்டு நாக்கில் ஒட்டித் தொங்கியது. பிடுங்கி எடுத்துவிட்டு அதையே உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏன் டீச்சர் புடிக்குது?"

நீ திரும்பி, கரும்பலகையில் "வினா 1" என்று எழுதினாய்.  அதற்குள் வகுப்பு முழுவதும் நாக்கை நீட்டிவிட்டது. பளபளப்பான துண்டு ஏன் ஒட்டவில்லை? நாக்கு காய்ந்திருந்தால் ஒட்டுமா? மாட்டு நாக்கில் ஒட்டுமா? செங்கல் ஒட்டுமா? துண்டு குடித்த எச்சில் எங்கே போகிறது? எழுதி எழுதி எனக்குக் கை வலித்தது.

சத்தம் கேட்டு தலைமையாசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். நாற்பது பிள்ளைகள் நாக்கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "என்னாம்மா, ஆஸ்பத்திரிலேருந்து டாக்டரு வந்துருக்காரா?" என்றார். நீ ஒரு துண்டை அவரிடமும் நீட்டினாய். அவர் மரியாதையாக மறுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வகுப்பை அடக்க முடியவில்லை. உன்னைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் வினா என்ற சொல்தான் வாயில் வந்தது. "டீச்சர், எனக்கு ஒரு வினா இருக்குது!" வீட்டிலும் தெருவிலும் அதே பேச்சு. "எங்க ஊரு பசங்க எப்பலேருந்துமா இப்பிடி செந்தமிழ் பேசுது?" என்று தலைமையாசிரியர் வியந்தார். மேடம் வந்து பார்த்தார். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், "நீயே எடு" என்று மட்டும் சொன்னார். உன் அம்மாவுக்குத்தான் கடைசிவரை நம்பிக்கை வரவில்லை. "நாங்க ஒட்டற பிஸ்கெட்ட நக்கறதுக்கா ஒரு வருஷம் படிச்சீங்க?" என்று கேட்டு, நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர், வயதானவர், மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பார்த்தால் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நீ பிஸ்கெட் துண்டுகளை மேசைமேல் வைத்துவிட்டு, தலைப்பைப் பலகையில் எழுதப் போனாய். அவர், "போர்டு அப்பறம் இருக்கட்டும்மா. மொதல்ல பாடத்தோட தலைப்ப வாயால சொல்லுங்க" என்றார்.

தலைப்பு "நுண்துளைகள்". "ந" உனக்கு ஒருபோதும் எதிரியாக இருந்ததில்லை. ஆனால் அன்றைக்கு எல்லா எழுத்தும் சேர்ந்து கதவை மூடிக்கொண்டன. "நு..." என்று தொடங்கி நின்றுவிட்டாய். கழுத்து நரம்பு புடைத்தது. மேடம் தரையைப் பார்த்தார். நான் எழுந்துவிடலாமா என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தேர்வாளருக்குப் பொறுக்கவில்லை. உதவி செய்கிற எண்ணத்தில், "நுரையா?" என்றார். நீ இல்லையென்று தலையாட்டினாய். "நுரையீரலா?"

சத்யா எழுந்து நின்றாள்.

"சார், டீச்சர் சொல்லி முடிக்கட்டும் சார்."

அதட்டலாகச் சொல்லவில்லை. மிட்டாய் வரிசையில் முந்துகிறவரிடம் சொல்வதுபோல் இயல்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். மற்ற பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உன்னையே பார்த்தார்கள். அவர்கள் முகத்தில் பரிதாபம் இல்லை, பதற்றம் இல்லை. பஸ் வரும் என்று தெரிந்தவர்கள் நிறுத்தத்தில் நிற்பதுபோல் இருந்தார்கள். எவ்வளவு நேரம் போயிற்றோ, "நுண்துளைகள்" என்றாய். முழுதாக வந்தது. அதன்பிறகு பாடம் ஆறு மாதிரி ஓடியது. நீ அதிகம் பேசவே தேவைப்படவில்லை. அவர்கள்தான் கேட்டார்கள், அவர்களே சண்டை போட்டுப் பதிலும் கண்டுபிடித்தார்கள்.

கடைசியில் ஒரு பையன் தேர்வாளரிடமே ஒரு துண்டை நீட்டி, "நீங்களும் பாருங்க சார்" என்றான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாக்கில் வைத்தார். கெட்டியாக ஒட்டிக்கொண்டது. "இது... இத்து... ஒத்..." என்று ஏதோ சொல்ல வந்தார். வார்த்தை வரவில்லை.

நீ கையைக் கட்டிக்கொண்டு, "மெதுவா சொல்லுங்க சார். நாங்க வெயிட் பண்றோம்" என்றாய்.

 மேடத்தின் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு தேர்வாளர் சிரித்த சிரிப்பில் துண்டு தெறித்து மேசைக்கடியில் போய் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மத்தியானம் கல்லூரியில் நேர்முகத் தேர்வு. உன் ஆய்வின் முடிவு என்ன என்று அவர் கேட்டார்.

"டீச்சரு வாய மூடுனா பசங்க வாயத் தெறக்குது சார்."

"ரிப்போர்ட்லயும் இப்படித்தான் எழுதியிருக்கீங்களா?"

"இல்லைங்க சார். 'ஆசிரியரின் மௌனம் மாணவர் பங்கேற்பை மிகுவிக்கிறது'ன்னு எழுதியிருக்கோம். மேடம் மாத்தச் சொன்னாங்க."

இருவரும் நல்ல மதிப்பெண்ணில் தேறினோம். சில வருடங்கள் தனியார் பள்ளிகளில் அலைந்தபிறகு அரசு வேலை கிடைத்தது. எனக்கு ஊரிலேயே, உனக்கு நம் ஜில்லாவிலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கம் ஒரு பள்ளியில். ஒருநாளும் உன்னை யாரும் ஆபீஸ் அறையில் உட்கார வைக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. உன் பள்ளிப் பிள்ளைகள் பஸ் பிடித்து உன் வீட்டுக்கு வந்தார்கள். ஒரு பெண் மாலையை வைத்துவிட்டு, "எங்க டீச்சரு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். அழுகை வந்து பாதியில் நின்றுவிட்டாள். கூட வந்தவர்கள் யாரும் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை, அவளுக்காகப் பேசவும் இல்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள். உன் வேலையை நான் முழுதாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

போனில் பேசுவது உனக்குக் கடைசிவரை பெரும்பாடு. மணி அடிக்கும், எடுப்பேன், எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் இருக்கும். அது நீதான் என்று எனக்குத் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காருவேன். "செல்வி" என்று வரும். பிறகு ஒரு மணி நேரம் நிற்காது.

இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து, எடுத்ததும் சத்தமில்லாமல் இருந்தால் என்னால் வைக்க முடிவதில்லை. "கட் பண்ணும்மா, ஏதாவது விளம்பரமா இருக்கும்" என்று மகள் திட்டுவாள். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரி. போன வாரமும் அப்படித்தான் ஒரு இளம்பெண், இன்ஷூரன்ஸ் பற்றி மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே வந்தவள், நடுவில் மறந்து நின்றுவிட்டாள். தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அவசரமில்லம்மா. நான் லைன்லதான் இருக்கேன்" என்றேன்.

தேடி எடுத்து, முழுதாகச் சொல்லி முடித்தாள். "ரொம்ப தேங்க்ஸ் மேடம். எல்லாரும் பாதியிலயே வெச்சிடுவாங்க. கடைசி வரைக்கும் இன்னிக்கித்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

இன்ஷூரன்ஸ் மட்டும் எடுக்கவில்லை.